"டிஸ்க் போச்சு" என்றால் உடனே நம்பிவிடாதீர்கள்!

மின்சாரத்தில் ஏதோ கோளாறு. அதன் பின் கம்ப்யூட்டரை இயக்கினால் ஹார்ட் டிஸ்க் சுழலும் சத்தமே இல்லை. சர்வீஸ் கடைக்கு எடுத்துச் சென்றால், "டிஸ்க் போச்சு சார், புதுசு போட்டுக்கோங்க" என்று ஒரே வரியில் தீர்ப்பு வந்துவிடுகிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் இதனை அப்படியே நம்பி, பழைய டிஸ்க்கைக் காயலான் கடைக்குப் போகும் பொருட்களுடன் சேர்த்துவிடுகிறார்கள். குழந்தையின் முதல் பிறந்த நாள் போட்டோக்களும் கூடவே போய்விடுகின்றன. இந்தத் தீர்ப்பை இவ்வளவு சுலபமாக ஏற்றுக் கொள்ளக் கூடாது என்பதே என் கருத்து.

காரணம் எளிமையானது. ஹார்ட் டிஸ்க் என்பது இரண்டு பகுதிகள் கொண்டது. மூடிய உலோகப் பெட்டிக்குள் தகவல் பதியும் வட்டத் தகடுகள், அவற்றைப் படிக்கும் ஹெட், மோட்டார் ஆகியவை உள்ளன. பெட்டியின் அடியில் ஒரு சர்க்யூட் போர்டு திருகப்பட்டிருக்கிறது. மின்சாரம் முதலில் வருவது இந்தப் போர்டுக்குத்தான். அடியும் பெரும்பாலும் முதலில் அதற்குத்தான் விழுகிறது. போர்டு செயலிழந்தாலும், உள்ளே உங்கள் பைல்கள் அப்படியே இருக்க வாய்ப்பு உண்டு.

3.5 அங்குல டிஸ்க்கிற்கு 5 வோல்ட், 12 வோல்ட் என இரண்டு மின்னழுத்தங்கள் தேவை. லேப்டாப்பில் உள்ள 2.5 அங்குல டிஸ்க்கிற்கு 5 வோல்ட் போதும். இவற்றைத் தாண்டி மின்னழுத்தம் வந்தால் தாங்குவதற்காகப் போர்டில் பவர் கனெக்டர் அருகே டி.வி.எஸ். டயோடு என்ற காவலாளியை வைத்திருப்பார்கள். மோட்டார் சைக்கிள் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டிரான்ஸியன்ட் வோல்டேஜ் சப்ரஸர் என்பதன் சுருக்கம் அது. அதிக மின்னழுத்தம் வந்தால் அதனை இந்த டயோடு தன் வழியே தரைக்குத் திருப்பிவிடும். அடி பலமாக இருந்தால் தானே ஷார்ட் ஆகி உயிரை விட்டு, மற்ற சிப்களைக் காப்பாற்றும்.

இந்த அடி எப்படி விழுகிறது? நான் அடிக்கடி காண்பது வெளியே வைத்துப் பயன்படுத்தும் பெரிய டிஸ்க்குகளில்தான். அவற்றுக்கு 12 வோல்ட் அடாப்டர் வேண்டும். மேஜையில் கிடக்கும் லேப்டாப் அடாப்டரின் முனையும் அதே துளையில் பொருந்திவிட்டால், 19 வோல்ட் உள்ளே போய்விடுகிறது. இன்னொன்று, கழற்றி மாட்டும் கேபிள்கள் கொண்ட எஸ்.எம்.பி.எஸ். ஒரு கம்பெனியின் கேபிளை இன்னொரு கம்பெனியின் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் செருகினால் பொருந்தலாம். ஆனால் ஒயர்களின் வரிசை மாறி, 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வரலாம். தெருவில் நியூட்ரல் அறுந்து வீட்டிற்கு 230 வோல்ட்டிற்கு மேல் வந்து, தரமற்ற எஸ்.எம்.பி.எஸ். கருகும்போது டிஸ்க்கையும் சேர்த்துக் கெடுப்பதும் உண்டு.

இதற்கு ஒரு தெளிவான அடையாளம் இருக்கிறது. டிஸ்க்கை இணைத்தால் கம்ப்யூட்டரே ஆன் ஆகாது. டிஸ்க்கின் பவர் கேபிளைக் கழற்றினால் உடனே ஆன் ஆகும். டயோடு ஷார்ட் ஆகியிருப்பதை உணர்ந்து எஸ்.எம்.பி.எஸ். தன்னை நிறுத்திக் கொள்வதால் இப்படி நடக்கிறது. இதனைப் பார்த்து "எஸ்.எம்.பி.எஸ். வீக்" என்று அதையும் விற்றுவிடும் கடைகள் உண்டு.

மல்டிமீட்டர் வைத்திருக்கும் எவரும் இதனைச் சோதிக்கலாம். டிஸ்க்கை எல்லா இணைப்புகளிலிருந்தும் எடுத்துவிட்டு, மீட்டரை ஓம் அளவில் வைத்து, டயோடின் இரு முனைகளையும் தொட வேண்டும். பவர் கனெக்டர் அருகே, இரண்டு முனைகளுடன், சுற்றியுள்ளவற்றை விடச் சற்றுப் பெரிதாகக் கறுப்பு நிறத்தில் இருப்பதே பெரும்பாலும் அது. அளவு கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டினால் அந்த மின்வழி ஷார்ட். டயோடைக் கழற்றிய பின் மீண்டும் அளக்க வேண்டும். ஷார்ட் மறைந்தால் குற்றவாளி டயோடுதான். மறையவில்லை என்றால் மோட்டாரை இயக்கும் சிப் போன்ற வேறு ஏதோ எரிந்திருக்கிறது.

ஷார்ட் ஆன டயோடை எடுத்துவிட்டால், வேறு சேதம் இல்லாத டிஸ்க் வேலை செய்யும். ஆனால் இனி காவலாளி இல்லை. எனவே நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இணைத்து, முதல் வேலையாக எல்லாப் பைல்களையும் வேறு டிஸ்க்கிற்குக் காப்பி செய்திட வேண்டும். டயோடின் விலை சில ரூபாய்கள்தான். அதற்காக பல வருட போட்டோக்களை இழப்பது நியாயமா?

அடுத்து, நம்மிடையே பரவலாக உள்ள ஒரு அரைகுறை யோசனை. "அதே மாடல் டிஸ்க் ஒன்று வாங்கி, போர்டை மட்டும் மாற்றிவிடு" என்பார்கள். 1990களின் டிஸ்க்குகளில் இது பல சமயம் பலித்தது. பின்னர் வந்தவற்றில் பெரும்பாலும் பலிக்காது. ஒவ்வொரு டிஸ்க்கின் ஹெட்டுக்கும் தகடுகளுக்கும் ஏற்ற தனி அளவுகளைத் தொழிற்சாலையிலேயே கணக்கிட்டு, போர்டில் உள்ள ராம் அல்ல, ரோம் சிப்பில் பதித்துவிடுகிறார்கள். பல போர்டுகளில் இது எட்டுக் கால்கள் கொண்ட சிறிய சிப். பழைய போர்டிலிருந்து இதனை எடுத்துப் புதிய போர்டில் வைத்தால்தான் டிஸ்க் தன்னை அடையாளம் கண்டு கொள்ளும். சிலவற்றில் இந்தத் தகவல் முக்கிய சிப்பிற்குள்ளேயே இருக்கும். அப்போது வேலை இன்னும் கடினம். ஆகவே எரிந்த போர்டை எக்காரணம் கொண்டும் தூக்கி எறியக் கூடாது. அந்த டிஸ்க்கின் சாவி அதில்தான் இருக்கிறது.

இதனைப் படித்துவிட்டு எல்லோரும் சால்டரிங் அயர்னுடன் உட்கார வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாரண்டி உள்ள டிஸ்க்கின் போர்டில் கை வைத்தால் வாரண்டி போய்விடலாம். அதே சமயம், வாரண்டியில் கிடைப்பது வேறு டிஸ்க்தான், உங்கள் பைல்கள் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. டிஸ்க் சுழன்று "டிக், டிக்" என்று தட்டினால் கோளாறு ஹெட்டில் இருக்கலாம். உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்தால் தகடு கீறப்படும். மேல் மூடியை மட்டும் வீட்டில் திறக்கவே கூடாது. ஹெட்டுக்கும் தகடுக்கும் இடையே சில நானோமீட்டர் இடைவெளிதான். ஒரு தூசி அதற்கு மலை. மின் அடி உள்ளே ஹெட்டுடன் உள்ள சிப்பையும் எரித்திருந்தால், தூசியற்ற அறை வைத்திருக்கும் டேட்டா ரெகவரி நிறுவனத்தால்தான் உதவ முடியும்.

பைல்கள் முக்கியமில்லை என்றால் நீங்களே முயன்று பாருங்கள். நல்ல பாடமாக இருக்கும். பைல்கள் விலைமதிப்பற்றவை என்றால், உங்கள் முதல் சால்டரிங் பயிற்சியை அவற்றின் மீது நடத்தாதீர்கள்.

கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். போர்டில் ஷார்ட் இருக்கிறதா என்று அளந்தீர்களா? டயோடைச் சோதித்தீர்களா? போர்டை மாற்றினால் ரோமையும் மாற்றுவீர்களா? பதில் சொல்ல முடியாதவரிடம் டிஸ்க்கை விட்டுவிட்டு வர வேண்டாம்.

ஒன்று மட்டும் இந்த எல்லாவற்றையும் விட மலிவானது. வெளி டிஸ்க்கின் அடாப்டரில் "12 வோல்ட், டிஸ்க்கிற்கு மட்டும்" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். போட்டோக்களின் இன்னொரு காப்பியை வேறு டிஸ்க்கில் போட்டு, மின்சாரத்துடன் இணைக்காமல் பீரோவில் வையுங்கள். அப்போது "டிஸ்க் போச்சு" என்று யார் சொன்னாலும், போனது டிஸ்க் மட்டும்தான்.