கல்லறை கொடுத்த பேரு!

தாம்பரம் பக்கம் எலெக்ட்ரிக் ட்ரெயின்ல போறவங்களா நீங்க? பரங்கிமலை, பல்லாவரம் தாண்டும்போது செல்போன்ல இருந்து தலையைத் தூக்கி அந்தக் குன்றுகளை ஒரு லுக் விடுங்க. அந்தக் கல்லுக்கு வயசு சுமார் 250 கோடி வருஷம். டைனோசர் எல்லாம் இதுக்கு முன்னாடி நேத்துப் பொறந்த குழந்தை!

கல்லோட பேரு சார்னோக்கைட். பேரு வந்த கதைதான் செம மேட்டர்.

கிழக்கிந்தியக் கம்பெனி ஏஜென்ட் ஜாப் சார்னாக், 1690-கள்ல வங்காளத்துல இறந்தார். கொல்கத்தா செயின்ட் ஜான்ஸ் சர்ச்ல அவர் கல்லறை இருக்கு. 200 வருஷம் கழிச்சு, ஜியாலஜிக்கல் சர்வேயைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் கண்ணுல அந்தக் கல்லறைப் பலகை பட்டது. சுத்திலும் ஆத்து வண்டல் மண்ணா இருக்குற ஊர்ல இப்படி ஒரு கருங்கல்லா? ஆராய்ஞ்சு பார்த்தா, அச்சு அசல் நம்ம பல்லாவரம் கல்! மெட்ராஸ்ல இருந்து கப்பல்லதான் போயிருக்கணும். 1893-ல சார்னாக் பேரையே கல்லுக்கு வெச்சிட்டார். அப்போ ஹாலண்டுக்கு வயசு 25-ஐத் தாண்டலை பாஸ்!

நியாயமா 'பல்லாவரைட்'னுல்ல வெச்சிருக்கணும்? கொல்கத்தாவோட நிறுவனர்ங்கிற பட்டத்தை 2003-ல கோர்ட் தீர்ப்பு சார்னாக்கிட்ட இருந்து பறிச்சிடுச்சு. கல்லு மட்டும் இன்னும் அவர் பேர்லதான் இருக்கு.

சரி, கல்லை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது? புதுசா உடைஞ்ச பக்கத்தைப் பாருங்க. எண்ணெய் தடவின மாதிரி கருமை, லேசா பச்சை, குவார்ட்ஸ்ல நீல சாயல். உள்ளே ஹைப்பர்ஸ்தீன்னு ஒரு கனிமம் இருக்கும். சாதாரண கிரானைட்ல இது இருக்காது. தண்ணிச்சத்து ரொம்பக் கம்மியா, 700, 800 டிகிரி சூட்டுல, 20 கிலோமீட்டருக்கும் கீழேதான் இப்படி ஒரு கல்லு உருவாகும். மேலே இருந்த மலையெல்லாம் கோடிக்கணக்கான வருஷமா கரைஞ்சு போனதாலதான் தலையைக் காட்டுது. ஊட்டி, ஏற்காடு மலையும் இதே கல்லுதான். நாம பார்க்குறது உச்சந்தலை மட்டும், உடம்பு இன்னும் பூமிக்குள்ளேதான். எரிமலைக் குழம்பு உறைஞ்சு வந்ததுன்னார் ஹாலண்ட். இல்லை, பழைய பாறையே சூட்டுல உருமாறினதுன்னு பின்னாடி வந்தவங்க மல்லுக்கு நின்னாங்க. ரெண்டு வகையும் உண்டுங்கிறதுதான் இப்போதைய பேச்சு.

பரங்கிமலைக் கல்லைத் தேசிய புவியியல் நினைவுச்சின்னம்னு அறிவிச்சிருக்காங்க. பக்கத்துலயே திரிசூலத்துல அதே கல்லை ஜல்லிக்காக உடைச்சு உடைச்சு, பள்ளத்துல தண்ணி தேங்கி நிக்குது. ஜியாலஜி படிக்கிற ஃப்ரெண்ட் யாராவது இருந்தா ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போங்க. சுத்தியலை மட்டும் வீட்டுலயே வெச்சுட்டு வரச் சொல்லுங்க!