ஒரு சுவிட்ச், மூணு பல்பு, ஒரு ஷாக்!

நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோன கதை இது. ஹால்ல ஒரே ஒரு பல்பு. ராத்திரி படிக்க உட்கார்ந்தா ஒருத்தன் நிழல் இன்னொருத்தன் புக் மேல விழும். "இதே சுவிட்ச்ல இன்னும் ரெண்டு பல்பு சேர்த்துடலாம்டா, சப்ப மேட்டர்"னு கிளம்பினான் எங்க ட்ரிபிள் ஈ நண்பன். ஓம் விதியைத் தலைகீழா ஒப்பிக்கிற ஆளு. நம்பாம இருப்போமா?

மூணும் 9 வாட்ஸ் எல்.இ.டி. பல்பு. முதல் ஹோல்டர்ல இருந்து வயர் ரெண்டாவதுக்குப் போச்சு, அங்கிருந்து மூணாவதுக்கு, அப்புறம் திரும்பி வந்துச்சு. சுவிட்சைப் போட்டா... ஒண்ணு கண்ணடிக்குது, மத்த ரெண்டும் அழுது வடியுது!

"பல்பு டுபாக்கூர்டா"ன்னு சுவிட்சை அணைச்சுட்டு, இரும்பு ஸ்டூல்ல ஏறி முதல் பல்பைக் கழட்டினான். ஹோல்டர்ல விரல் பட்டதுதான் தெரியும், ஆள் கீழே கிடந்தான். நல்லவேளை, கீழே மெத்தை. முதல்ல சிரிச்சோம். அவன் கை நடுங்குறதைப் பார்த்ததும் சிரிப்பு நின்னு போச்சு. சுவிட்ச் ஆஃப்லதானே இருக்கு, எப்படிடா ஷாக்?

மறுநாள் வந்த வயர்மேன் அண்ணன் ஹோல்டர்ல டெஸ்டரை வச்சார். பளிச்சுன்னு எரிஞ்சது. "ரெண்டு தப்பு தம்பி"ன்னார்.

முதல் தப்பு, சீரியல் கனெக்‌ஷன். வர்ற 230 வோல்ட்டை மூணு பல்பும் பங்கு போட்டுக்குது. கோயில் திருவிழா சீரியல் செட்டுக்கு அது சரி, அந்தக் குட்டி பல்புக்குச் சில வோல்ட் போதும். (பழைய செட்டுல ஒண்ணு ஃப்யூஸானா வரிசையே அவுட் ஆகறதும் இதனாலதான்.) வீட்டு பல்புக்கு முழு 230 வேணும். அதுக்கு பேரலல்தான் வழி. சுவிட்சுல இருந்து வர்ற ஃபேஸ், எல்லா ஹோல்டரோட ஒரு முனையையும் தொட்டுக்கிட்டுப் போகணும். நியூட்ரல் இன்னொரு முனையை. வயர்மேன் பாஷையில இது 'லூப்'. ஒண்ணு போனாலும் மத்தது எரியும். லோடு பயமா? மூணும் சேர்த்து 27 வாட்ஸ், அரை ஆம்பியர்கூட இல்லை. சாதாரண சுவிட்சே 6 ஆம்பியர் தாங்கும்.

ரெண்டாவது தப்புதான் ஆளைத் தூக்கறது. சுவிட்ச் ஃபேஸ்ல இல்லை, நியூட்ரல்ல இருந்துச்சு. இது நம்ம ஆள் செஞ்சதில்லை. எந்தக் காலத்துலயோ யாரோ மாத்திக் கொடுத்தது. பல்பு ஒழுங்கா எரியும், ஒழுங்கா அணையும். ஆனா அணைச்ச பிறகும் ஹோல்டர்ல கரண்ட் காத்துக்கிட்டு இருக்கும். எரியுதுங்கறதால வயரிங் சரின்னு அர்த்தமில்லை பாஸ்!

உங்க ரூம்லயும் பாருங்க. சுவிட்சை அணைச்ச பிறகும் எல்.இ.டி. பல்பு மின்மினி மாதிரி லேசா ஒளிருதா? சுவிட்ச் நியூட்ரல்ல இருக்கறதுக்கு அது ஒரு அறிகுறியா இருக்கலாம். பல்பு மாத்தணும்னா சுவிட்சை நம்பாதீங்க, மெயினை அணைங்க. டெஸ்டரை முதல்ல கரண்ட் இருக்கற இடத்துல வச்சுப் பார்த்துட்டு, அப்புறம் ஹோல்டர்ல வைங்க. ஈரக் கை, இரும்பு ஸ்டூல் ரெண்டும் வேண்டாம். வீட்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கான்னு ஓனர்கிட்ட கேளுங்க. உடம்பு வழியா கரண்ட் தரைக்குக் கசிஞ்சா, கண் இமைக்கறதுக்குள்ள சப்ளையை வெட்டிவிடற சாமான் அது. புது லைன் இழுக்கற வேலையை லைசென்ஸ் உள்ள வயர்மேனுக்கு விட்டுடுங்க. லூப் சரியான்னு பார்க்கற வேலை உங்களோடது.

இப்போ எங்க ஹால்ல மூணு பல்பும் ஜொலிக்குது. நண்பன் இன்னமும் ஓம் விதியை ஒப்பிக்கிறான். ஆனா பல்பு மாத்தணும்னா, முதல்ல மெயின் பாக்ஸ்கிட்ட போறான். நீங்க?