பக்கத்து ஆய்வகம்

2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு புரதங்களுக்குப் போனது. பாதியைப் பெற்ற டேவிட் பேக்கர், இயற்கையில் இல்லாத புரதங்களைக் கணினியில் வடிவமைத்துக் காட்டியவர். மறுபாதியை டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும் பகிர்ந்துகொண்டார்கள். அமினோ அமிலங்களின் வரிசையைக் கொடுத்தால் அந்தப் புரதம் மடிந்து என்ன வடிவம் கொள்ளும் என்று கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் அவர்களுடையது. அரை நூற்றாண்டாக உயிரியலாளர்களை அலைக்கழித்த கேள்வி அது. இன்று 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிக்கப்பட்ட வடிவங்களை யார் வேண்டுமானாலும் இணையத்தில் எடுத்துப் பயன்படுத்தலாம். பெரிய சாதனை, ஐயமே இல்லை. ஆனால் செயற்கை நுண்ணறிவு உயிரியலை வென்றுவிட்டது என்ற தோரணையில் அந்தச் செய்தி பரவிய விதம் எங்களுக்குக் கவலை தருகிறது. அந்த நிரல் எதைப் படித்து இவ்வளவையும் கற்றுக்கொண்டது என்று கேட்டவர்கள் குறைவு.

அது படித்தது புரதத் தரவு வங்கியை. 1971இல் அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் அந்த வங்கி தொடங்கியபோது அதில் இருந்தவை 7 அமைப்புகள். அவ்வளவு குறைவாக இருந்ததற்குக் காரணம் உண்டு. எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்து குதிரையின் ஹீமோகுளோபின் வடிவத்தைக் கண்டறிய மேக்ஸ் பெருட்ஸ் 1937இல் இறங்கினார். விடை 1959இல்தான் வந்தது. ஜான் கெண்ட்ரூ திமிங்கிலத் தசையிலிருந்து எடுத்த மயோகுளோபினோடு பத்தாண்டுக்கு மேல் போராடினார். புரதத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க வேண்டும், படிகமாக வளர்க்க வேண்டும், படிகம் வளரவில்லையென்றால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆல்ஃபாஃபோல்ட் பயின்ற காலத்தில் அந்த ஏழு, சுமார் ஒரு லட்சத்து எழுபதாயிரமாக வளர்ந்திருந்தது. ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் தம் சொந்தக் காரணத்துக்காகத் தேடியிருந்தார். பெங்களூரில் எம். விஜயனின் குழு 1990களில் நிலக்கடலையிலும் பலாக்கொட்டையிலும் உள்ள லெக்டின் புரதங்களின் வடிவத்தைக் கண்டறிந்தது. சர்க்கரை மூலக்கூறுகளை அவை எப்படி இனங்கண்டு பற்றிக்கொள்கின்றன என்பது அவர்களுடைய கேள்வி. தங்கள் உழைப்பு பிற்காலத்தில் ஒரு கணினி நிரலுக்குப் பாடமாகும் என்று எண்ணி அவர்கள் அதைச் செய்யவில்லை.

இன்னொரு சேமிப்பும் அதற்குத் தேவைப்பட்டது. ஒரே புரதம் மனிதரில், மீனில், ஈஸ்ட்டில், கடலடிச் சேற்றில் வாழும் பெயரிடப்படாத நுண்ணுயிரில் சிறுசிறு மாற்றங்களோடு இருக்கும். புரதத்துக்குள் இரண்டு அமினோ அமிலங்கள் அருகருகே தொட்டுக்கொண்டிருந்தால், பரிணாமத்தில் ஒன்று மாறும்போது மற்றதும் ஈடுகொடுத்து மாறுவதுண்டு. ஏராளமான உயிரினங்களின் வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் எவையெவை சேர்ந்தே மாறுகின்றன என்று தெரியும். எவையெவை தொட்டுக்கொண்டிருக்கின்றன என்பதை அதிலிருந்து ஊகிக்கலாம். ஆல்ஃபாஃபோல்ட்டின் கணிப்புக்கு இது முதன்மையான ஆதாரம். மண்ணையும் கடல்நீரையும் அள்ளிவந்து அதில் என்னென்ன மரபணுக்கள் உள்ளன என்று வாசித்துவைத்த சூழலியலாளர்கள் இல்லாமல் அந்த அடுக்கு இவ்வளவு பெரிதாகியிருக்காது. சொந்தபந்தம் குறைந்த புரதங்களில் நிரல் தடுமாறுவதும் இதனால்தான். உயிர்களின் பன்மையும் ஆய்வாளர்களின் கேள்விகளின் பன்மையும் சேர்ந்துதான் அந்தக் கணினிக்குக் கற்பித்தன.

இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி சென்னை கிண்டியில் இருக்கிறது. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

1952இல் ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். முப்பது வயதுகூட நிரம்பியிராத இளைஞர். எர்ணாகுளத்தில் பிறந்து, பெங்களூரில் சி.வி. ராமனிடம் பயின்று, கேம்பிரிட்ஜ் போய்த் திரும்பியவர். படிகங்கள் அவருடைய துறை. அக்காலத்தில் சென்னைக்கு வந்திருந்த படிகவியலாளர் ஜே.டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று அவரிடம் சொன்னார். நம் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றுக்கும் உறுதி தருகிற புரதம் கொலாஜன். ராமச்சந்திரனுக்கு அக்கம்பக்கம் கைகொடுத்தது. மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. தோல் பதனிடும் தொழிலுக்காக 1948இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. கொலாஜன் அவர்களுக்கு அன்றாடப் பண்டம். அங்கிருந்து மாதிரிகள் கிடைத்தன. கங்காருவின் வாலிலிருந்து எடுத்த தசைநாணில் கொலாஜன் இழைகள் மிக ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும் என்பதால் எக்ஸ் கதிர்ப் படம் தெளிவாக விழுந்தது. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் ‘நேச்சர்’ இதழில் தங்கள் விடையை வெளியிட்டார்கள்: மூன்று இழைகள் சேர்ந்த சுருள் அமைப்பு. நடு அச்சில் இடம் மிகக் குறைவு. அங்கே பொருந்தக்கூடியது ஆகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் மட்டுமே. கொலாஜனில் மூன்றுக்கு ஒன்று கிளைசினாக இருப்பதன் காரணம் அப்போது விளங்கியது. அடுத்த ஆண்டே அந்த மாதிரியைத் திருத்தி மேம்படுத்தினார்கள்.

எதிர்ப்பு வந்தது. டிஎன்ஏ அமைப்பைக் கண்டவர்களுள் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கும், அவரோடு அலெக்சாண்டர் ரிச்சும் வேறொரு வடிவத்தை முன்வைத்தார்கள். சென்னை மாதிரியில் சில அணுக்கள் மிக நெருங்கி நிற்கின்றன, அது நடக்காது என்பது அவர்கள் தரப்பு. இந்த இடத்தில் ராமச்சந்திரன் செய்ததுதான் எங்களைத் திரும்பத் திரும்ப வியக்கவைக்கிறது. அவர் சண்டைக்குப் போகவில்லை. இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்ற அடிப்படைக் கேள்விக்குத் திரும்பினார். அதுவரை வெளியான படிக அமைப்புகளையெல்லாம் திரட்டி அணுக்களுக்கிடையே உள்ள தொலைவுகளைத் தொகுத்தார்கள். பிறகு வி. சசிசேகரனும் சி. ராமகிருஷ்ணனும் அவரோடு சேர்ந்து கணக்கிட்டார்கள். புரத இழையின் முதுகெலும்பு ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் இரண்டு பிணைப்புகளில்தான் தாராளமாகச் சுழலும். அந்த இரண்டு கோணங்களையும் இரு அச்சுகளாக வைத்து ஒரு சதுரம் வரைந்து, அணுக்கள் முட்டிக்கொள்ளும் இடங்களையெல்லாம் விலக்கினால், எஞ்சுவது சில சிறிய தீவுகள். புரதங்கள் பெரும்பாலும் அந்தத் தீவுகளுக்குள்தான் வாழ முடியும். 1963இல் வெளியான அந்தப் படம் உலகெங்கும் ராமச்சந்திரன் வரைபடம் என்றே வழங்குகிறது. இன்றும் ஓர் ஆய்வகம் புதிதாக ஒரு புரத அமைப்பைத் தரவு வங்கிக்கு அனுப்பினால், அதன் கோணங்கள் எங்கே விழுகின்றன என்று இந்த வரைபடத்தை வைத்துச் சரிபார்க்கிறார்கள். கணினி கணித்த வடிவமும் இந்த உரைகல்லுக்குத் தப்புவதில்லை.

அதோடு அவர் நிற்கவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குச் சென்ற பிறகு, 1971இல் ஏ.வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். பல கோணங்களில் எடுத்த எக்ஸ் கதிர் நிழல்களிலிருந்து உள்ளிருக்கும் பொருளின் உருவத்தை விரைவாகக் கட்டியெழுப்பும் கணித வழி அதில் இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில்தான் லண்டனின் விம்பிள்டன் பகுதி மருத்துவமனை ஒன்றில் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரம் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படம்பிடித்தது. சிடி ஸ்கேன் வளர்ந்த வழியில் இந்த இந்தியர்களின் கணிதத்துக்கும் பங்கு உண்டு. படிகவியல் தெரிந்த இயற்பியலாளருக்கு நிழலிலிருந்து உருவத்தைக் கண்டடைவது பழகிய வேலை. பொருள் மாறியது, கேள்வி ஒன்றுதான். தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்குக்கு ‘ட்ரிப்பிள் ஹீலிக்ஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த வழியாகப் போகும் நம் கல்லூரி மாணவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் பின்னணியைச் சொல்லியிருக்கிறோம்?

இது சென்னைக்கு மட்டும் வாய்த்த தற்செயல் என்று நினைக்க வேண்டாம். 1960களில் தாமஸ் ப்ராக் என்ற நுண்ணுயிரியலாளர் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் எவ்வளவு சூட்டில் உயிர் தாங்கும் என்று தேடினார். அவரும் மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் அங்கே கண்டெடுத்த பாக்டீரியாவின் நொதி, சூட்டில் சிதையாதது என்பதால், பின்னாளில் பிசிஆர் சோதனையின் உயிர்நாடியானது. கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டவர்களை நாம் மறக்கவில்லை. அந்த வெந்நீர் ஊற்றை நினைத்தவர் யார்? ஸ்பெயினில் அலிகாண்டே அருகே உப்பளத்து நுண்ணுயிர்களை ஆராய்ந்த பிரான்சிஸ்கோ மொகிகா, அவற்றின் டிஎன்ஏவில் ஒரே தொடர் சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவதை 1993இல் எழுதினார். ஜப்பானில் யோஷிசூமி இஷினோ அதே போன்ற ஒன்றை 1987லேயே ஒரு பாக்டீரியாவில் பார்த்துக் குறித்துவைத்திருந்தார். அது வைரஸுக்கு எதிரான பாக்டீரியாவின் தற்காப்பாக இருக்கலாம் என்று மொகிகா எழுதிய கட்டுரையை முன்னணி இதழ்கள் திருப்பி அனுப்பின. 2005இல் அவ்வளவு பெயர் பெறாத ஓர் இதழில் வெளிவந்தது. தயிர் உறைய வைக்கும் பாக்டீரியாக்களைக் காக்க முயன்ற ஒரு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 2007இல் அதைச் சோதித்து மெய்ப்பித்தார்கள். கிரிஸ்பர் என்று இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த மரபணுத் திருத்தக் கருவி 2012இல் ஷார்பன்டியே, டௌட்னா கைகளில் உருவான கதைக்கு முன்கதை இது. சிற்றிதழ் நடத்துகிற எங்களுக்கு மொகிகாவின் கட்டுரை அச்சேறிய விதம் நெருக்கமானது.

அந்தக் கருவியின் முதல் மருத்துவத்தின் கதை மறுபடியும் நம் மலைகளுக்கு வந்து சேர்கிறது. அரிவாள் செல் சோகை, ஹீமோகுளோபினில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிப்போவதால் வருவது. ராமச்சந்திரன் கிண்டிக்கு வந்த அதே 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அந்த மரபணு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். எழுபது ஆண்டுகள் கழித்து, 2023 இறுதியில், நோயாளியின் சொந்த எலும்பு மஜ்ஜைச் செல்களைக் கிரிஸ்பரால் திருத்தித் திரும்பச் செலுத்தும் சிகிச்சைக்கு பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் தந்தன. பிறந்த பிறகு அடங்கிவிடும் கருப்பருவ ஹீமோகுளோபினை அது மீண்டும் சுரக்கவைக்கிறது. ஒப்புதலின்போது அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். பதினெட்டுக் கோடி ரூபாய்க்கும் மேல். அந்த விலையில் இந்தச் சிகிச்சை கூடலூர்ப் பக்கத்துப் பணியர் வீட்டுக்கு வராது.

ஆகவே நீலகிரிக்கு வேறு ஆராய்ச்சிகளும் வேண்டும். இந்தியாவில் இந்த நோய் பரவியிருக்கும் மரபணுப் பின்னணியில் கருப்பருவ ஹீமோகுளோபின் இயல்பாகவே கூடுதலாக இருப்பது தெரிந்த செய்தி. அப்படியிருந்தும் சிலர் ஏன் கடுமையாக அவதிப்படுகிறார்கள்? மலிவான ஹைட்ராக்சியூரியா மாத்திரையை மலைக்கிராமத்தில் மாதந்தவறாமல் எப்படிச் சேர்ப்பது, பரிசோதனையில் கண்டறியப்பட்ட பெண்ணுக்குத் திருமணப் பேச்சில் என்ன நேர்கிறது? மூலக்கூறு உயிரியலாளர், சமூகச் செவிலியர், மானுடவியலாளர் மூவருக்கும் இதில் வேலை இருக்கிறது. 2023இல் தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டம் ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. நல்லது. பரிசோதனை அட்டை கொடுத்த பிறகு வரும் கேள்விகளுக்கு யார் விடை தேடுவார்கள்?

பணத்தின் கதைக்கு வருவோம். இந்தியா தன் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது 0.64 சதவீதம் அளவே. 2025இல் மத்திய அமைச்சரவை ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி, புத்தாக்க நிதிக்கு ஒப்புதல் அளித்தது. அதன் பெரும்பகுதி தனியார் துறைக்கு நீண்டகால, குறைந்த வட்டிக் கடன். அதுவும் தொழில்நுட்பம் நான்காம் நிலைத் தயார்நிலையை, அதாவது ஆய்வகத்தில் செயல்பட்டுக் காட்டும் நிலையை, தொட்ட பிறகு. தொழிற்சாலையை நோக்கி நகரத் தொடங்கிவிட்டதை வளர்ப்பது தேவைதான். ஆனால் கங்காருத் தசைநாண் எந்தத் தயார்நிலையிலும் இல்லாத ஒன்று. உப்பளத்து நுண்ணுயிரும் அப்படியே. இன்றைய விண்ணப்பப் படிவங்கள் கேட்கிற ‘எதிர்பார்க்கும் பயன்’ என்ற கட்டத்தில் ராமச்சந்திரன் என்ன எழுதியிருப்பார்? உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் தவிக்கும் ஆய்வு மாணவர், எந்தத் தலைப்பில் செயற்கை நுண்ணறிவு என்ற சொல்லைச் சேர்த்தால் நிதி கிடைக்கும் என்று யோசிக்கத் தொடங்குவது இயல்பு. அவரைக் குறை சொல்ல மாட்டோம். அவரை அப்படி யோசிக்க வைக்கும் ஏற்பாட்டை எதிர்க்கிறோம்.

முதலில் வாடுவது வகைப்பாட்டியல். திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரத் தொகுப்பில் கே.எம். மேத்யூ அடிகளார் தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களைச் செடிசெடியாகச் சேகரித்து, விவரித்து, 1980களில் பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். ஒரு செடியை இன்னதென்று உறுதியாகச் சொல்லத் தெரிந்தவர் இல்லாவிட்டால், அதிலிருந்து மருந்து தேடுபவரும் அதன் மரபணுவை வாசிப்பவரும் எதை ஆராய்கிறோம் என்றே தெரியாமல் ஆராய்வார்கள். அந்தத் தேர்ச்சி ஒரு தலைமுறை விட்டுப்போனால் புத்தகத்தைப் பார்த்து மீட்டுவிட முடியாது. காட்டில் கூடவே நடந்து கற்க வேண்டியது அது.

நோபல் அறிவிப்பு நாளில் மட்டும் அறிவியல் எழுதும் வழக்கத்தை எங்களளவில் நிறுத்துகிறோம். அடுத்த இதழிலிருந்து தமிழ்நாடு, புதுச்சேரி, இலங்கைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு மாணவர்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்குகிறோம். பூஞ்சை, மண்புழு, நண்டு ஓடு, நரம்புச் செல், நெல்லின் வேர், செயற்கை மூட்டுக்கான உலோகம், எதுவாகவும் இருக்கட்டும். உங்கள் கேள்வி என்ன, அது எப்படித் தோன்றியது, எந்தச் சோதனை தோற்றது, பக்கத்து ஆய்வகத்தில் யாரிடம் என்ன கடன் வாங்கினீர்கள் என்று எழுதுங்கள். முடிவு கிடைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. தமிழில் எழுதிப் பழக்கமில்லை என்று தயங்க வேண்டாம். உடன் அமர்ந்து செப்பனிட ஆசிரியர் குழு தயாராக இருக்கிறது.