காரைக்கால் எல்லையும் ஜாவா மாட்யூல்களும்

காரைக்காலிலிருந்து நாகூருக்குப் பஸ்ஸில் போகிறவருக்கு மாநிலம் மாறப்போகிறது என்று அறிவிப்பது வாஞ்சூரில் வரிசைகட்டி நிற்கும் மதுக்கடைகள்தான். மற்றபடி அதே வயல், அதே பேச்சு, அதே கடல்காற்று. சரக்கு ஏற்றிய லாரிக்கு மட்டும் கதை வேறு. மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல் என்று இருக்கும் காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. லாரிக்காரர் கையில் இருக்கும் பில்லில் எந்த வரி, எந்த எண் என்பதை அந்தக் கண்ணுக்குத் தெரியாத கோடு முடிவு செய்கிறது.

இந்தக் கோட்டுக்கும் ஜாவா மென்பொருளுக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே இருக்கிறது. ஒரு கம்பெனியின் கணக்கு மென்பொருளையும் அரசின் ஜிஎஸ்டி தளத்தையும் இணைக்கும் நிரலை எழுதுகிறவர்கள் இன்று ஏராளம். பல தனித்தனி அமைப்புகளைப் பேசவைக்கும் இந்த வகை நிரலை ஒருங்கிணைப்பு மென்பொருள் என்கிறார்கள். கிரகர் ஹோப்பும் பாபி வுல்ஃபும் 2003-இல் எழுதிய புத்தகம் இதற்கான 65 வடிவங்களை வகுத்துத் தந்தது. 2007-இல் வந்த அப்பாச்சி கேமல் அவற்றில் பெரும்பாலானவற்றை ஜாவாவில் ஓரிரு வரிகளில் எழுதும்படி செய்தது. கருவி இருக்கிறது, பாடம் இருக்கிறது, யூடியூபில் வீடியோவும் இருக்கிறது. ஆனால் சோதனை என்று வரும்போது எல்லோரும் மாட்யூலின் உள்ளேயே சுற்றிவருகிறார்கள். தப்பு நடப்பதோ இரண்டு மாட்யூல்கள் சந்திக்கும் இடத்தில்.

காரைக்கால் வியாபாரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு. தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. அவர் அரைமணி நேரத் தூரத்தில் இருக்கும் நாகூர்க் கடைக்குச் சரக்கு அனுப்பினால் அது மாநிலம் விட்டு மாநிலம், ஐஜிஎஸ்டி போடவேண்டும். குறுக்கே தமிழ்நாட்டையும் கேரளத்தையும் தாண்டி மேற்குக் கடற்கரையிலுள்ள மாஹேவுக்கு அனுப்பினாலோ அது உள்ளூர் வியாபாரம்! 34-இலிருந்து 34-க்கு என்பதால் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும். சிரிக்காதீர்கள், சட்டம் அப்படித்தான்.

இன்னொன்று. "யூனியன் பிரதேசம் என்றால் யூடிஜிஎஸ்டி" என்று பாடப்புத்தகம் சொல்வதை அப்படியே இஃப் போட்டு எழுதினால் காரைக்காலில் எல்லா பில்லும் தப்பாகும். சட்டமன்றம் உள்ள பிரதேசம் என்பதால் புதுச்சேரி ஜிஎஸ்டியில் மாநிலமாகவே கணக்கு. சண்டிகருக்கும் லட்சத்தீவுக்கும்தான் யூடிஜிஎஸ்டி. பெங்களூரில் உட்கார்ந்து சென்னை–மும்பை பில்லை மட்டும் சோதித்துப் பார்க்கிறவருக்கு இது கடைசிவரை தெரியாது.

ஆகவே முதல் விஷயம், வரியை முடிவு செய்யும் பகுதி தனி மாட்யூலாக இருக்கவேண்டும். அதற்கு நெட்வொர்க் தெரியக்கூடாது, டேட்டாபேஸ் தெரியக்கூடாது. அனுப்புநர் குறியீடு, பெறுநர் குறியீடு, தேதி ஆகியவற்றைக் கொடுத்தால் வரி வகையைச் சொல்லவேண்டும், அவ்வளவே. அப்படி இருந்தால் காரைக்கால்–நாகூர், காரைக்கால்–மாஹே, காரைக்கால்–ஏனாம் என்று நூறு சோதனைகளை ஒரு நொடியில் ஓட்டலாம்.

தேதி ஏன்? விதிகள் ஊருக்கு ஊர் மட்டுமல்ல, நாளுக்கு நாளும் மாறியிருக்கின்றன. இ-வே பில் கதையே சாட்சி. 2018 பிப்ரவரி 1 அன்று நாடு முழுவதும் ஒரே நாளில் தொடங்கினார்கள். கூட்டம் தாங்காமல் முதல் நாளே தளம் படுத்துவிட்டது, திட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். மறுபடி ஏப்ரல் 1 அன்று மாநிலங்களுக்கு இடையேயான சரக்குக்கு மட்டும் தொடங்கி, மாநிலத்துக்குள்ளான சரக்குக்கு ஒவ்வொரு மாநிலமாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். புதுச்சேரிக்கு ஏப்ரல் 25, தமிழ்நாட்டுக்கு ஜூன் 2. பெரிய அமைப்பை எப்படி நிறுவக்கூடாது, எப்படி நிறுவவேண்டும் என்பதற்கு இரண்டு பாடமும் ஒரே திட்டத்தில் கிடைத்தது அபூர்வம்.

அந்த ஐந்து வாரமும் திருமலைராயன்பட்டினத்தில் ஒரு விதி, பக்கத்து நாகூரில் இன்னொரு விதி. அப்போது நாகப்பட்டினமும் தரங்கம்பாடியும் ஒரே மாவட்டம். ஆனால் கடற்கரைச் சாலையில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் லாரி காரைக்காலைத் தாண்டியே ஆகவேண்டும். அந்தப் பயணம் உள்ளூரா வெளியூரா? இந்தக் கேள்வியை நிரலாளர் தானே யூகித்து முடிவு செய்யக்கூடாது. வரி ஆலோசகரிடம் கேட்டு, வந்த பதிலை ஒரு சோதனையாக எழுதிவைக்கவேண்டும்.

இம்மாதிரி விதிகளை ஜாருக்குள் புதைத்தவர்கள் ஒவ்வொரு அறிவிப்புக்கும் மென்பொருளை மறுபடி நிறுவிக்கொண்டிருந்தார்கள். இ-வே பில்லின் ஒரு நாள் செல்லுபடித் தூரம் 2021 ஜனவரி 1 முதல் 100 கிலோமீட்டரிலிருந்து 200 ஆனது. இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதல் உள்ளவர்களுக்கு என்று தொடங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு இறங்கியது. இவையெல்லாம் தேதியோடு சேர்த்து வெளியே கான்ஃபிகரேஷனில் இருக்கவேண்டியவை. சோதிக்கும்போது ஜாவாவின் கிளாக் பொருளை வெளியிலிருந்து கொடுத்தால் 2018 ஏப்ரல் 24-க்கும் 25-க்கும் நிரல் வேறுவேறு பதில் தருகிறதா என்று பார்த்துவிடலாம். சர்வர் கடிகாரம் யுடிசியில் ஓடுகிறதா என்றும் பார்க்கவேண்டும். இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னே. ஏப்ரல் 1 விடியற்காலை நான்கு மணிக்குப் போட்ட பில் யுடிசி சர்வரில் மார்ச் 31 ஆகி, போன நிதியாண்டில் போய் விழும்.

அடுத்தது, எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பதிலே சொல்லாதபோது என்ன செய்வது? இதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. பில்லை அனுப்பியாயிற்று, பதில் வருவதற்குள் லைன் போய்விட்டது. பதிவானதா இல்லையா? மறுபடி அனுப்பினால் இரட்டைப் பதிவாகிவிடுமோ என்ற பயம் நியாயமானது. இ-இன்வாய்ஸை வடிவமைத்தவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் நான்கையும் கலந்து 64 எழுத்துள்ள ஐஆர்என் உருவாகிறது. அதே பில் இரண்டாவது தடவை போனால் 2150 என்ற பிழை எண்ணோடு திருப்பி அனுப்புகிறார்கள். ஆக இங்கே 2150 என்பது பெரும்பாலும் நல்ல சேதி, "ஏற்கெனவே வந்துவிட்டது" என்று பொருள். இதைத் தோல்வி என்று எழுதிவைத்த நிரல், பில் பதிவாகியிருந்தும் லாரியைக் குடோன் வாசலில் நிறுத்திவைக்கும். பழைய ஐஆர்என்னை வாங்கிக்கொண்டு மேலே போகிறதா என்பதே சோதனை.

கேமலில் போலி முனைகளை வைத்து இதையெல்லாம் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்காமல் சோதிக்கலாம். பதிலைத் தாமதப்படுத்தலாம், பாதியில் அறுக்கலாம், 2150 அனுப்பலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. போலி முனை சொல்லும் பதில் எழுதியவரின் நம்பிக்கை மட்டுமே. அரசுத் தளம் உண்மையில் என்ன சொல்கிறது என்று அவர்கள் தரும் சோதனைத் தளத்தில் அவ்வப்போது ஓட்டிப் பார்க்காவிட்டால், தன் கேள்விக்குத் தானே விடை எழுதித் தானே மார்க் போட்டுக்கொள்வதுபோல் ஆகிவிடும்.

ஓஎஸ்ஜிஐ முறையில் எழுதுகிறவர்களுக்கு இதே வியாதி வேறு வடிவில் வரும். அங்கே ஒவ்வொரு ஜாரும் எதை வெளியே காட்டுகிறது, எதை உள்ளே வாங்குகிறது என்று மேனிஃபெஸ்டில் எழுதவேண்டும். மேவனில் யூனிட் டெஸ்ட் ஓடும்போது அந்த வேலியே கிடையாது, எல்லாம் ஒரே திறந்தவெளி. எல்லாம் பச்சை காட்டும். காராஃபில் ஏற்றியவுடன் 'கிளாஸ் கிடைக்கவில்லை' என்று விழும். எனவே நிஜக் கண்டெய்னருக்குள் ஏற்றி ஓட்டும் சோதனை ஒன்றாவது ஒவ்வொரு பில்டிலும் இருந்தாகவேண்டும். ஜாவா 9-இல் (2017) மொழிக்குள்ளேயே மாட்யூல் வந்த பிறகும் இந்தச் சிக்கல் முழுசாகத் தீர்ந்துவிடவில்லை.

மாட்யூல் எத்தனை வேண்டும் என்பதிலும் ஒரு மோகம் இருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் கம்பெனிக்கு நாற்பது பண்டில் எதற்கு? கணக்கிலிருந்து படிப்பது, வரி முடிவு செய்வது, தளத்தோடு பேசுவது, நடந்ததைப் பதிந்துவைப்பது என்று நான்கு போதும். கோடு கூடக்கூட செக்போஸ்ட்டும் கூடும் என்பது காரைக்கால்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நிறுவும்போது, சோதித்த அதே ஜார்தான் ஓடும் இடத்துக்கும் போகவேண்டும், எல்லா சர்வருக்கும் போகவேண்டும். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிடல் எட்டு சர்வர்களில் ஒன்றில் புதிய நிரலை ஏற்ற மறந்தது. முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கு மேல் போயிற்று. பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியும் தயாராக இருக்கவேண்டும். ஆனால் நிரலைத் திருப்பலாம், அரசுத் தளத்தில் பதிவான ஐஆர்என்னைத் திருப்பமுடியாது. ரத்து செய்யக் கிடைப்பது 24 மணி நேரம். அதற்குள் எந்தெந்த பில் தப்பாகப் போனது என்று எடுத்துத் தரும் பதிவேடு இல்லாவிட்டால், பழைய பதிப்புக்குத் திரும்பியும் பயனில்லை.

கல்லூரி இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுகளில் இவை எதற்கும் மார்க் கிடையாது என்பதுதான் வருத்தம். அழகான கட்டப்படம், வண்ணத் திரை, ஒருமுறை ஓடும் டெமோ, கைதட்டல். மாஹேவுக்கு ஒரு பில் போடு, பாதியில் நெட் கேபிளைப் பிடுங்கு, அப்புறம் என்ன ஆகிறது என்று காட்டு என்று கேட்கும் தேர்வாளர் அரிது. வேலைக்குப் போனபின் அதே மாணவர் எழுதும் நிரலால் தப்பான காகிதத்தோடு போகும் லாரியை ஜிஎஸ்டி சட்டத்தின் 129-ஆம் பிரிவின்கீழ் நிறுத்திவைக்க அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. அபராதத்தைக் கட்டப்போவது சரக்குக்காரர். ராத்திரி முழுக்க லாரிக்குள் படுத்துக்கிடக்கப் போவது டிரைவர்.