கொலையாளிக்கு எதற்கு மைக்?

செய்தித் தொலைக்காட்சியில் வீடியோ எடிட்டராக வேலை பார்த்தவன் நான். கொலை ஒன்றின் சிசிடிவி காட்சி டெஸ்க்குக்கு வந்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். மாவட்டச் செய்தியாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் துண்டு பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட இருக்காது. அதில் வெட்டு விழும் இடத்தை மட்டும் எடுப்போம். வேகத்தைக் குறைத்து, ஆள்மீது சிவப்பு வட்டம் போட்டு, ரத்தத்தை மங்கலாக்கி, லூப்பில் விடுவோம். காட்சியில் ஒலி இருக்காது. அந்தக் குறையைத் திகில் இசை தீர்த்துவைக்கும். கீழே, ‘பதைபதைக்க வைக்கும் காட்சி’ என்று ஒரு வரி. செய்தி வாசிப்பவர் பேசி முடிப்பதற்குள் அந்த மனிதர் ஏழெட்டு முறை வெட்டுப்பட்டிருப்பார். மங்கலாக்குவது விதிக்காக. லூப், வியாழக்கிழமை வரும் டிஆர்பிக்காக.

உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் நடந்த ஆணவக் கொலையின் காட்சி வெளிவராமல் இருந்திருந்தால் தமிழ்நாடு அவ்வளவு கொதித்திருக்காது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். வழக்குக்கும் அது முக்கியமான சாட்சியம். ஆனால், அதில் கணவரோடு சேர்ந்து வெட்டுப்பட்ட பெண் உயிர் பிழைத்துக்கொண்டார். 2017இல் தீர்ப்பு, 2020இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பு என்று செய்தி வரும்போதெல்லாம் அதே துண்டைத் தூசி தட்டி ஓட்டினால், அவர் வீட்டு டிவியிலும் அதுதானே ஓடும்?

காட்சியைவிட எனக்குப் பெரிய மனக்குறை வேறொன்று. 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குத் தோழியுடன் வந்த தலித் இளைஞர் கடத்தப்பட்டார். மறுநாள் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. முதன்மைக் குற்றவாளி, சாதி அமைப்பு ஒன்றின் தலைவர். பெயரை எழுதப் போவதில்லை. எழுதாமலே உங்களுக்குத் தெரியும், அதுதான் பிரச்சினையே. மூன்று மாதங்களுக்கு மேல் அவர் போலீஸ் கையில் சிக்கவில்லை. ஊடகத்துக்கு மட்டும் கிடைத்தார். வாட்ஸ்அப்பில் ஆடியோ ஆடியோவாக விட்டார். சேனல்கள் அவர் படத்தைப் போட்டு அதை ஒலிக்கவிட்டன. தலைமறைவில் இருந்தபடியே தொலைக்காட்சிப் பேட்டியும் கொடுத்தார். 2022இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அவருடைய ரீல்ஸ் மட்டும் இன்னும் சினிமாப் பாட்டோடு சுற்றிக்கொண்டிருக்கிறது.

அரிவாளோடு ரீல்ஸ் போட்டுக் கைதாகும் பையன்களைப் பற்றித் தென்மாவட்டப் பதிப்புகளில் அடிக்கடி படிக்கிறோம். எல்லாம் சினிமா பார்த்துக் கெட்டதுகள் என்று விவாத மேடையில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். சினிமாவில் வெட்டுபவர் ஷாட் முடிந்ததும் டீ குடிக்கப் போய்விடுவார். நாங்கள் நாயகனாக்கிக் காட்டியது நிஜ ஆளை.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2019 மார்ச் 15 அன்று இரண்டு மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன், அதை ஃபேஸ்புக்கில் நேரலையாக ஓட்டினான். முதல் 24 மணி நேரத்தில் மட்டும் 15 லட்சம் பிரதிகளை நீக்கியதாக அந்த நிறுவனம் சொன்னது. நீக்கி என்ன பயன்? 2022இல் அமெரிக்காவின் பஃபலோவில் கறுப்பின மக்கள் 10 பேரைக் கொன்றவன், கிறைஸ்ட்சர்ச் கொலையாளியைத்தான் முன்மாதிரியாக எழுதிவைத்திருந்தான். அவனும் நேரலை ஓட்டினான். அன்றைய நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன், கொலையாளியின் பெயரைத் தன் வாயால் சொல்ல மாட்டேன் என்று நாடாளுமன்றத்திலேயே அறிவித்தார். அந்நாட்டின் 5 பெரிய செய்தி நிறுவனங்கள் விசாரணைக்கு முன்பே கூடிப் பேசி, அவனுடைய கொள்கைப் பிரகடனத்தையோ சைகைகளையோ பரப்புவதில்லை என்று உடன்பாடு செய்துகொண்டன. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள்தான் அவர்களும்.

‘நாம் போடாவிட்டால் பக்கத்துச் சேனல் போடுவான்’ என்பது நான் இருந்த அலுவலகத்தில் தினமும் கேட்ட வாசகம். அது உண்மையும்கூட. அதனால்தான் ஒரு சேனல் மட்டும் திருந்தினால் போதாது என்கிறேன். தமிழ்ச் செய்தி சேனல்களின் ஆசிரியர்கள் ஒருமுறை ஒன்றாக உட்கார்ந்து இரண்டே விஷயங்களில் கை குலுக்கட்டும். கொலைக் காட்சிக்குப் பதில் ஒரு ஸ்டில் போதும். தலைமறைவில் இருப்பவரிடமிருந்து ஆடியோ வந்தால், அதைப் போலீஸிடம் கொடுங்கள், ஒளிபரப்பாதீர்கள்.