முயலுக்கு எதற்குப் பலகாரம்?

முயலைப் பற்றி எழுத ஒரு கதாசிரியனுக்கு என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கலாம். எனக்கு இரண்டு யோக்கியதைகள் உண்டு. கல்லூரியில் இரண்டு வருஷம் விலங்கியல் படித்துவிட்டு, படிப்பு என்னை விட்டதா, நான் படிப்பை விட்டேனா என்று தெரியாமல் வெளியே வந்தவன் நான். இது அப்படியொன்றும் பெரிய யோக்கியதை அல்ல. மற்றொன்று, ஒரு முயலைக் கொன்றவர்களில் நானும் ஒருவன். இது போதும் என்று நினைக்கிறேன்.

போடிநாயக்கனூரில் இருக்கிறது என் தங்கை வீடு. மாப்பிள்ளைக்கு ஏலக்காய் வியாபாரம். வாசலில் நின்று மேற்கே பார்த்தால் மலை ஒரு சுவர் மாதிரி எழுந்து நிற்கும். போடிமெட்டுக்கு ஏறுகிற சாலையில் இரவு நேரத்தில் லாரி விளக்குகள் ஊர்ந்து போவது தெரியும். ஏல மூட்டை இறங்குகிற நாளில் அந்தத் தெருவில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தாலும் மணக்கும். அந்த வீட்டில் என் மருமகளுக்கு ஒன்பதாவது பிறந்த நாளைக்கு ஒரு வெள்ளை முயல் வாங்கிக் கொடுத்தார்கள். கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர் என்ற ஊரில் மத்திய அரசின் ஆடு ஆராய்ச்சி நிலையம் ஒன்று 1965 முதல் இருக்கிறது. அங்கே செம்மறி ஆட்டோடு, இறைச்சிக்கான முயல் இனங்களையும் வளர்த்துக் கொடுக்கிறார்கள். அந்த வம்சத்தில் வந்த முயல்தான் இது என்று விற்றவர் சத்தியம் செய்தாராம். வம்சம் எதுவோ, பிராணி அழகாக இருந்தது. சிவந்த கண், பஞ்சு மூட்டை போன்ற உடம்பு. முத்து என்று பெயர் வைத்தாள்.

அதன் பிறகு நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் முத்துவுக்கு ஏதாவது கொண்டுவர ஆரம்பித்தார்கள். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? குழந்தை இருக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. முயல் இருக்கிற வீட்டுக்கும் அந்தச் சட்டம் நீண்டுவிட்டது. ஒருவர் அரைக் கிலோ காரட் கொண்டுவந்தார். ஒருவர் ரொட்டி. பொங்கலுக்குக் கரும்புத் துண்டு, தைப்பூசத்துக்குப் பஞ்சாமிர்தம் (ஆமாம், பஞ்சாமிர்தம்தான், பிரசாதம் யாருக்கும் கெடுதல் செய்யாது என்று ஒரு பெரியம்மா தீர்ப்பு). மாப்பிள்ளை மதுரைக்குப் போனபோது ஒரு கடையிலிருந்து வண்ண வண்ணப் பொட்டலம் ஒன்று வாங்கி வந்தார். அதன் மேல் முயல் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. உள்ளே தயிரும் சர்க்கரையும் சேர்த்து உருட்டிய இளஞ்சிவப்பு மிட்டாய்கள். நான் போகிறபோதெல்லாம் காப்பியோடு வருகிற பிஸ்கட்டில் பாதி முத்துவுக்கு. அது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்று வாங்கும். அந்தக் காட்சிக்காகவே நான் பிஸ்கட்டை வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் முத்து கூட்டின் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்தது. பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம் கேட்டது. ‘கோபமாக இருக்கிறது மாமா’ என்றாள் மருமகள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். கோபத்தைத் தீர்க்க வாழைப்பழம் நீட்டினோம். தொடவில்லை. கூட்டைப் பெருக்குகிற என் தங்கை, ‘காலையிலிருந்து புழுக்கையே இல்லை அண்ணே’ என்று சொன்னாள். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விடிந்ததும் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். எங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ‘தினம் எவ்வளவு புல் போடுறீங்க?’

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். மாப்பிள்ளை தங்கையைப் பார்த்தார். மலையடிவாரத்து ஊர். பின்கட்டுத் தண்ணீர் ஓரம் அறுகு முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து கிடக்கிறது. ஒருவரும் ஒரு பிடி பிடுங்கிப் போட்டதில்லை.

மத்தியானத்துக்குள் முத்து போய்விட்டது.

அன்றைக்குத்தான் எனக்குப் பழைய விலங்கியல் புத்தகத்தின் ஞாபகம் வந்தது. முயலுக்கு இருபத்தெட்டுப் பற்கள். அத்தனையும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பல் வாரத்துக்குச் சுமார் இரண்டு மில்லிமீட்டர் வளர்கிறது. அதைத் தேய்க்க அரத்தைக் கொண்டு வரமுடியாது; புல்தான் அரம். புல்லைக் கடைவாயில் வைத்துப் பக்கவாட்டில் மணிக்கணக்காக அரைத்தால்தான் பல் ஒழுங்காகத் தேயும். மிட்டாய் வாயில் விழுந்ததும் கரைந்துவிடுகிறது. பல் வளர்ந்து கன்னத்தையும் நாக்கையும் குத்த ஆரம்பிக்கிறது. வலி தாங்காமல் முயல் தின்பதை நிறுத்துகிறது. நாம் அதைக் கோபம் என்கிறோம்.

வயிற்றின் கதை இன்னும் மோசம். மாட்டுக்கு முன்பக்கத்தில் இருக்கிற நொதிக்கும் தொட்டி முயலுக்குப் பின்பக்கத்தில், பெருங்குடல் தொடங்குகிற இடத்தில், ஒரு பெரிய பையாக இருக்கிறது. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அங்கே குடித்தனம் நடத்துகின்றன. நாரைக் கொடுத்தால் அவை ஒழுங்காக வேலை செய்யும். சர்க்கரையும் மாவும் போய் விழுந்தால் வேண்டாத கூட்டம் பெருகி வாயுவையும் நஞ்சையும் உண்டாக்குகிறது. நார் குறைந்தால் குடலின் ஓட்டமே நின்றுபோகிறது. நமக்கு என்றால் வாந்தி வரும், ஓமத் திரவம் இருக்கிறது. முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வெளியே வரவேண்டும். அரை நாள் தின்னாமல் இருந்தாலே அதற்கு ஆபத்து. (முயல் தன் கழிவில் மெத்தென்ற ஒரு வகையை மட்டும் உடம்பிலிருந்து நேராக வாயில் வாங்கி மறுபடி விழுங்குகிறது, சத்து முழுவதும் சேர அதுதான் வழி. இதை என் மருமகளிடம் சொன்னபோது முகம் சுளித்தாள். வாசகிகளும் சுளிக்கலாம். அதற்காகப் பிராணி தன் இயல்பை மாற்றிக்கொள்ளுமா?)

இனி என்னோடு சண்டைக்கு வருகிறவர்களைச் சந்திக்கிறேன்.

‘ஆசையாகத் தின்கிறதே ஐயா! உடம்புக்கு ஆகாது என்றால் பிராணி தானே ஒதுக்கிவிடாதா?’ என்று ஒரு நண்பர் கேட்டார். அவருக்குச் சர்க்கரை வியாதி. தீபாவளியன்று மைசூர்பாகுத் தட்டை அவர் எப்படி ஒதுக்கினார் என்று நான் பார்த்திருக்கிறேன். முயலின் மூதாதைகள் ஸ்பெயின் தேசத்து வறண்ட மேட்டில் புல்லைக் கடித்துப் பிழைத்தவை. அங்கே இனிப்பு என்றைக்கோ ஒரு நாள் கிடைக்கிற அதிருஷ்டம். அகப்பட்டதும் விழுங்கு என்றுதான் அதன் நாக்குக்கு இயற்கை உத்தரவு போட்டிருக்கிறது. தினம் நான்கு வேளை பிஸ்கட் நீட்டுகிற மாமா ஒருவன் போடியில் முளைப்பான் என்று இயற்கைக்குத் தெரியாது.

‘முயல் என்றால் காரட் அல்லவா? குழந்தைப் புத்தகத்தில்கூடப் போட்டிருக்கிறதே’ என்கிறார்கள். படத்தில் போட்டிருப்பது உண்மை. அந்தப் படத்தின் பூர்விகத்தைத்தான் கொஞ்சம் கேளுங்கள். அமெரிக்காவில் 1934-ல் வந்த ‘இட் ஹாப்பன்ட் ஒன் நைட்’ என்ற படத்தில் கிளார்க் கேபிள் என்ற நடிகர் வேலியோரம் சாய்ந்து காரட்டைக் கடித்துக்கொண்டே படபடவென்று பேசுவார். ஜனங்களுக்கு அந்தக் காட்சி பிடித்துப்போயிற்று. 1940-ல் பக்ஸ் பன்னி என்ற கார்ட்டூன் முயல் அதே மாதிரி காரட்டைக் கடித்துக்கொண்டு பேசி அவரைக் கேலி செய்தது. கேலி மறந்துபோயிற்று, காரட் நிலைத்துவிட்டது. ஒரு நடிகரைப் பார்த்து ஒரு பொம்மை கற்றது. பொம்மையைப் பார்த்து நாம் கற்றோம். பலன் முத்துவின் குடலில். உண்மையில் முயல் மண்ணைத் தோண்டிக் கிழங்கு தின்கிற ஜாதி அல்ல. காரட்டில் அதற்கு நல்ல பகுதி நாம் திருகிக் குப்பையில் எறிகிற தழைதான். கிழங்கில் சர்க்கரை அதிகம். சுண்டுவிரல் நகம் அளவு துண்டு, வாரத்துக்கு ஒன்றிரண்டு தரம் கொடுத்தால் குடி முழுகிவிடாது. அரைக் கிலோ கொடுத்தால் முழுகும்.

‘மலையில் முயல் கண்டதைத் தின்று உயிரோடு இல்லையா?’ என்று கேட்டவர் எங்கள் ஊர்த் தோட்டக்காரர் ஒருவர். தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவர். அவர் பார்த்த முயல் வேறு, நாம் கூட்டில் வைத்திருக்கும் முயல் வேறு. குரங்கணிப் பக்கம் புதரிலிருந்து பாய்ந்து ஓடுகிற கறுப்புப் பிடரி முயல் வளை தோண்டாது. குட்டி பிறக்கும்போதே கண்ணும் ரோமமுமாகப் பிறக்கும். வீட்டு முயலின் குட்டி குருடாக, வெற்றுடம்பாக வளைக்குள் பிறக்கும். நம் பாஷை இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துவிட்டது. அந்தக் காட்டு முயலைப் பிடித்து வந்து வளர்ப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதையும் அவருக்குச் சொல்லி வைத்தேன். அவர் உடனே பேச்சை மிளகு விலைக்கு மாற்றினார்.

எனக்கு உண்மையான கோபம் அந்தப் பொட்டலத்தின் மேல்தான். ரொட்டியும் கரும்பும் அறியாமையில் கொடுத்தவை. பெரியம்மாவை மன்னிக்கலாம். பொட்டலத்தில் ஏன் இளஞ்சிவப்பு, ஏன் பச்சை, ஏன் நட்சத்திர வடிவம்? முயலுக்குச் சிவப்பு நிறம் நம்மைப் போலத் தெரியாது. நட்சத்திரமானாலும் சதுரமானாலும் அதற்கு ஒன்றுதான். பால் குடி மறந்த முயலின் வயிற்றுக்குத் தயிரும் பால்பொடியும் எதற்கு? அந்த வர்ணம் வாங்குகிறவரின் கண்ணுக்கு. அந்தச் சிரிப்பு பர்ஸைத் திறக்கிறவரின் மனசுக்கு. நாம் நமக்காக வாங்கி, முயலைத் தின்னச் சொல்கிறோம். என் பிஸ்கட்டும் அப்படியே. அது எழுந்து நின்று என் கையை நம்பி வாங்குவதில் எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமைக்கு விலை கொடுத்தது அது.

‘அப்படியானால் பிராணிக்கு ஆசையாக ஒன்றும் கொடுக்கவே கூடாதா?’ கொடுக்கலாமே! சாப்பாட்டில் ஐந்தில் நான்கு பங்கு புல்லும் காய்ந்த புல்லுமாக இருக்கட்டும். தினம் அதன் உடம்பு அளவு ஒரு குவியல். பிறகு ஒரு பிடி கொத்தமல்லித் தழை கொடுத்துப் பாருங்கள். பிஸ்கட்டுக்கு எழுந்து நின்ற அதே நிலையில் நிற்கும். புதினா, முள்ளங்கியின் இலை, முசுக்கொட்டை இலை, பண்ணைக்காரர்கள் போடுகிற கல்யாண முருங்கைத் தழை. அகத்தியும் குதிரை மசாலும் சத்து மிகுந்தவை. வளர்கிற குட்டிக்கு நல்லது. வளர்ந்ததற்குச் சுண்ணாம்புச் சத்து மிஞ்சிப்போகும், ஆகையால் கொஞ்சம் கையடக்கம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே அறுகம்புல். பிள்ளையாருக்கு வைக்கிறோம். ஆனைமுகனுக்குப் போதுமான அறுகு ஒரு முயலுக்குப் போதாதா? புதிதாக எதைக் கொடுத்தாலும் முதல் நாள் ஓர் இலை, மறுநாள் புழுக்கையைப் பார்த்துவிட்டு இரண்டு இலை. உருண்டையாக, உலர்ந்து, ஏராளமாக விழுந்தால் எல்லாம் க்ஷேமம்.

மலைப்பக்கத்து வாசகர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை தனியாக. பட்டர் புரூட் என்று நாம் சொல்கிற வெண்ணெய்ப்பழம் இந்த மலைகளில் விளைகிறது. உடம்புக்கு நல்லது என்று மனிதர்கள் கொண்டாடுகிறார்கள். முயலுக்குப் பழமும் விஷம், இலையும் விஷம். வேலியில் பூத்துக் கிடக்கும் உண்ணிச்செடியும் அப்படியே. இரண்டாவது விஷயம் சொன்னால் மாப்பிள்ளைக்கு என் மேல் வருத்தம் வரும், வரட்டும். ஏலத் தோட்டத்துக்குள் அறுத்த புல்லைக் கொண்டுவந்து போடாதீர்கள். ஏலச் செடிக்கு வருஷத்தில் எத்தனை தரம் மருந்து அடிக்கிறார்கள் என்று தோட்டத்தில் வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள். 2023 ஜனவரியில் சபரிமலை அரவணையில் சேர்த்த ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாகக் கேரள உயர் நீதிமன்றம் அதன் விற்பனையையே நிறுத்தச் சொன்னது. அந்த உத்தரவை அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. வழக்கு முடிந்தது, மருந்து அடிப்பது முடியவில்லை. செடிக்கு அடிக்கிற மருந்து காலடியில் இருக்கிற புல்லை மட்டும் விட்டு வைக்குமா? இரண்டு கிலோ எடையுள்ள பிராணி அதைத் தாங்காது. வீட்டுப் பின்கட்டில், மருந்து படாத இடத்தில் அறுத்து, அலசிப் போடுங்கள்.

ஆறு மாதம் கழித்து மருமகளுக்கு இன்னொரு முயல் வந்தது. சாம்பல் நிறம். கூட்டின் மேல் அவள் கையெழுத்தில் ஒரு அட்டை தொங்குகிறது: ‘புல் மட்டும்.’ வருகிறவர்கள் பின்கட்டுக்குப் போய்த் தாங்களே ஒரு பிடி பிடுங்கி வரவேண்டும் என்பது அவள் சட்டம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏல வியாபாரிகள் குனிந்து புல் பிடுங்குவதை நான் பார்த்தேன்.

போன வாரம் போயிருந்தேன். காப்பி வந்தது, பிஸ்கட்டும் வந்தது. பழக்கதோஷம், பாதியை உடைத்துக்கொண்டு கூட்டின் பக்கம் கை போய்விட்டது. மருமகள் குறுக்கே வந்து நின்றாள்.

‘மாமா, இங்கே கொடுங்க’ என்று கையை நீட்டினாள்.

கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு, மீதிப் பாதியையும் கேட்டாள்.