ஓய்வுக்கு ஈடு பணமா?

அமெரிக்காவின் கோல்ட்மேன் சாக்ஸ் பாங்கியில் உத்தியோகம் கிடைப்பதை வாலிபர்கள் பெரும் பாக்கியமாகக் கருதுகிறார்கள். சம்பளம் அதிகம், தொழிற்பயிற்சி சிறந்தது, அங்கே வேலை பார்த்தவருக்குப் பிற ஸ்தாபனங்களிலும் மதிப்புண்டு. ஆனால் 2021-ம் வருஷத்தில் அதன் முதல் வருஷச் சிப்பந்திகள் 13 பேர் தயாரித்த அறிக்கை, மறுபக்கத்தையும் காட்டிற்று. வாரத்திற்குச் சராசரி 95 மணி நேர வேலை. இரவில் 5 மணி நேரமே தூக்கம். 80 மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது என்பதே அவர்கள் கோரிக்கை. எண்பது மணியையே சலுகையாகக் கேட்க நேர்ந்தது பரிதாபமன்றோ!

சனிக்கிழமை ஓய்வு விதியைக் கண்டிப்பாக அனுஷ்டிப்பதாக நிர்வாகம் வாக்களித்தது. அவ்வருஷம் ஆகஸ்டில் ஆரம்பச் சம்பளத்தை 85,000 டாலரிலிருந்து 1,10,000 டாலராக உயர்த்திற்று. சம்பள உயர்வை யாரும் வெறுக்கார். எனினும், தூக்கம் இழந்தவனுக்குப் பணம் பரிகாரமாகாது என்பது நமது அபிப்பிராயம்.

இந்த ஸ்தாபனத்திற்குப் பெங்களூரிலும் பெரிய காரியாலயம் உண்டு. நம் வாலிபர்களும் இத்தகைய உத்தியோகங்களை நாடுகின்றனர். சம்பளத்தை விசாரிப்பவர்கள் வேலை நேரத்தையும் விசாரிக்க வேண்டும். 1918-ல் சென்னையில் சங்கம் கண்ட மில் தொழிலாளரின் கோரிக்கைகளுள் பகலுணவுக்குப் போதிய அவகாசமும் ஒன்று. படிப்பற்ற ஏழைகள் அன்று ஒன்றுகூடிக் கேட்டதை, படித்த உத்தியோகஸ்தர்கள் இன்று கேட்கக் கூசுவானேன்?